ஒற்றை மரப்பாச்சியும் ஒரு பொம்மை மியூசியமும்

போன பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கறதுக்காகப் பரணைக் காலி பண்ணினோம். திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பழைய வீடு அது. பரணில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மரப்பாச்சி. பொம்பளை பொம்மை மட்டும்தான். மரப்பாச்சி எப்பவும் ஜோடியாத்தான் இருக்கும். ராஜாவைக் காணோம், ராணி மட்டும் இருந்தாள். கறுத்துப்போன செம்மரம், மூக்கு மழுங்கியிருந்தது. காலடிப் பக்கம் ஒரு ஓரமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. பாட்டியுடையது.

அத்தை பார்த்துவிட்டு, "இதையெல்லாம் வச்சுக் காப்பாத்த நம்மளால ஆகாது. ஏதாவது மியூசியத்துக்குக் குடுத்துரு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தங்கச்சி மகள், நாலு வயசு, அதை எடுத்துக் கைக்குட்டையால் சுற்றித் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். யாருக்குக் கொடுக்கறது? சின்னக் கேள்விதான், ஆனால் என்னை ரெண்டு மாசம் படிக்க வைத்துவிட்டது. படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பொம்மை மியூசியம் என்றால் நம் நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது டெல்லியில் இருக்கும் சங்கர் சர்வதேச பொம்மை அருங்காட்சியகம். பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில், நேரு ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்வு எழுத டெல்லி போனபோது, மீதியிருந்த அரை நாளில் அங்கே போயிருக்கிறேன். சுவரோடு சுவராக நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பாதியில் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. மறு பாதியில் ஆசியா, ஆப்பிரிக்கா, இந்தியா. ஜப்பானின் கபுகி நாடகப் பொம்மைகள், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ ஆட்டக்காரிகள், தாய்லாந்தின் பெண்கள் வாத்தியக் குழு, இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலம் என்று வரிசையாகப் போகும். கிட்டத்தட்ட 85 நாடுகள், 6,500 பொம்மைகள்.

இதை உண்டாக்கியவர் கேசவ சங்கர் பிள்ளை. கேரளத்தில் காயங்குளத்துக்காரர், 1902-இல் பிறந்தவர், கார்ட்டூனிஸ்ட். 1948-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ தொடங்கியவர். நேருவைக் கேலி செய்து அவர் போட்ட கார்ட்டூன்கள் ஏராளம், அதோடு நேருவுக்கு நெருங்கிய நண்பராகவும் இருந்தார். 1949-இல் குழந்தைகளுக்கான ஓவிய, எழுத்துப் போட்டி ஒன்றை ஆரம்பித்தார். அது வளர்ந்து சர்வதேசப் போட்டி ஆனது. 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளை. இத்தனைக்கும் நடுவில்தான் பொம்மை வருகிறது.

ஐம்பதுகளில் ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைச் சங்கரிடம் கொடுத்திருக்கிறார், போட்டியில் ஜெயிக்கிற குழந்தைக்குப் பரிசாகக் கொடுங்கள் என்று. அந்தப் பொம்மையைப் பார்த்ததும் சங்கருக்கு மயக்கம் வந்துவிட்டது. அதற்கப்புறம் பிரதமரோடு பத்திரிகைக்காரராக எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுப் பொம்மை ஒன்றை வாங்கி வர ஆரம்பித்தார். ஐந்நூறு சேர்ந்துவிட்டது. குழந்தைகளின் ஓவியங்களோடு சேர்த்து அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். வெளிநாட்டைப் பார்க்க வழியே இல்லாத பிள்ளைகள் பொம்மை வழியாகவாவது பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? பெட்டியில் கட்டுவது, பிரிப்பது, மறுபடி கட்டுவது. இதிலேயே பொம்மைகள் உடைந்துகொண்டிருந்தன. ஒரு கண்காட்சிக்கு வந்த நேருவிடமும் இந்திரா காந்தியிடமும் சங்கர் இதைச் சொல்ல, நிரந்தரமாக ஒரு இடம் வைத்துவிடலாமே என்று இந்திரா யோசனை சொன்னார். 1965 நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் மியூசியத்தைத் திறந்து வைத்தார். அப்போது இருந்தவை ஆயிரம் பொம்மைகள்.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு விஷயம். ஒரு குழந்தையின் கைக்குப் போவதற்காக வந்த பொம்மையில் ஆரம்பித்த கதை, எந்தக் குழந்தையும் தொட முடியாத கண்ணாடியில் வந்து முடிகிறது. சங்கரைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பிள்ளையும் தொடக்கூடாது. எந்த மியூசியத்துக்கும் இதுதான் கணக்கு.

மியூசியத்தோடு சேர்த்து ஒரு பட்டறையும் வைத்தார் சங்கர். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் முகச்சாயல், உடை, நகை எல்லாவற்றையும் ஆராய்ந்து, சுமார் 150 வகை இந்தியப் பொம்மைகளை அங்கே செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து பொம்மை வந்தால் பதிலுக்கு இவற்றை அனுப்புவார்கள். 1980-இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் நடந்த பொம்மைத் திருவிழாவில் இந்தப் பொம்மைகளுக்கு முதல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு நாட்டை ஒரு உடுப்பாகச் சுருக்கும்போது யாராவது விடுபடத்தானே செய்வார்கள்? தமிழ்நாட்டுக்கு ஒரு பொம்மை என்றால் எதைச் செய்வது? பட்டுப்புடவைக் கல்யாணப் பெண்ணா, சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டியவளா, நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் தலைத்துண்டு கட்டிக்கொண்டு மல்லிகை பறிப்பவளா? கண்காட்சிப் பொம்மை பெரும்பாலும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரிதான் இருக்கும். வேலைக்குக் கிளம்பின மாதிரி இருப்பது அபூர்வம்.

பொம்மையின் முகம் யாருடையது என்பது சாதாரண விஷயம் இல்லை. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேறான பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னை மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். "உன்னை மாதிரி எது?" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டன. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. அப்படிப் பார்த்தால், செம்மரத்தில் செய்து வருஷம் ஆக ஆகக் கறுத்துப்போகும் மரப்பாச்சி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருத்தமான துணை!

இன்னொரு கதை ஜப்பானில். 1924-இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. ரெண்டு நாட்டுக்கும் மனக்கசப்பு. இதைக் குறைக்க, ஜப்பானில் ரொம்ப வருஷம் இருந்த சிட்னி குலிக் என்ற பாதிரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்கப் பிள்ளைகள் சேர்ந்து 12,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். 1927 மார்ச் 3-ஆம் தேதி ஹினமட்சுரி பண்டிகையை ஒட்டி அவை போய்ச் சேர்ந்தன. அந்தப் பண்டிகைக்கு அங்கே சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா ராணி பொம்மைகளை அடுக்குவார்கள். நம்ம கொலுவேதான்! பதிலுக்கு ஜப்பான் 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது. அப்புறம் போர் வந்தது. அமெரிக்கப் பொம்மைகள் எதிரியின் பொம்மைகள் ஆகிவிட்டன. எரித்தார்கள், குத்திக் கிழித்தார்கள். சில ஆசிரியர்கள் மட்டும் எடுத்து ஒளித்து வைத்தார்கள். அப்படித் தப்பியவை சுமார் முந்நூறு. இன்றைக்கு அவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது ஜனங்கள் பார்ப்பது பொம்மையின் அழகை மட்டுமா என்ன? அதை ஒளித்து வைத்த அந்த டீச்சரையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

சரி, நம்ம பக்கம் வருவோம். திண்டுக்கல்லில் கண்ணாடிப் பெட்டி போட்ட பொம்மை மியூசியம் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒன்பது நாள் மட்டும் திறந்திருக்கும் மியூசியங்கள் தெருவுக்கு ஒன்றிரண்டு உண்டு. எங்க வீட்டில் கொலு வைக்கிற பழக்கம் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குச் சுண்டலுக்காகப் போய்ப் பார்த்த கொலுதான். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் வாங்கி வந்த செட்டியார் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டி, கீழே மணலைப் பரப்பி ஒரு கிராமம், குளத்துக்குக் கண்ணாடித் துண்டு. ஒற்றைப்படையில் படிகள், மேல் படியில் மரப்பாச்சி ஜோடிக்கு முதல் மரியாதை. ஒவ்வொரு பொம்மைக்கும் அந்த வீட்டு மாமியிடம் ஒரு கதை இருக்கும், எந்த வருஷம், யார் வாங்கியது, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று. சரஸ்வதி பூஜை முடிந்ததும் எல்லாம் பழைய பேப்பரில் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். அந்தப் பழைய பேப்பரே ஒரு ஆவணக் காப்பகம்தான். ஒருமுறை எம்.ஜி.ஆர். காலத்துப் பேப்பரை அங்கே நின்றே படித்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே போனால் நேர் எதிரான வழக்கம். திண்டுக்கல், மதுரை, சிவகங்கைச் சீமைகளில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு. ஊர்க்காரர்கள் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுத்தால்தான் வேலை ஆரம்பம். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, கால்களைக் குழாயாக வனைந்து நிறுத்தி, உடம்பை மேலே மேலே ஏற்றி, வைக்கோல் மூடிச் சுட்டு எடுப்பார்கள். வண்ணம் பூசிக் கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும். அதன் பிறகு? வெயில், மழை. பழைய குதிரைகள் காது போய், கால் போய், அப்படியே மண்ணாகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் புதுசு நிற்கும். யாரும் பழசை ஒட்டவைக்க மாட்டார்கள். அடுத்த எடுப்புக்குக் குதிரை செய்யத் தெரிந்த வேளார் ஒருவர் இருக்கும்வரை அந்த ஊருக்கு எதுவும் தொலைந்துபோகவில்லை. இந்த வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா ஆய்வாளர் மதுரை வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்திருக்கிறார்.

அழியட்டும் என்று விடுவது பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு? ஐங்குறுநூற்றில் ஒரு பெண் வருகிறாள். கடற்கரையில் அவள் செய்து வைத்த மணல் பாவையை அலை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவளுக்கு வந்த கோபத்தில் மண்ணை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். வள்ளுவர் பாவையைச் சொல்லும் இடங்களில் மண்பாவையாகட்டும், கயிற்றில் ஆடும் மரப்பாவையாகட்டும், உயிரில்லாததற்கு உவமையாகவே வருகின்றன. அந்தக் கடற்கரைப் பெண்ணிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்!

இவ்வளவும் படித்துவிட்டு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டியவர். "காலுல இது பல்லு பட்ட தடமா அத்தை? நீங்கல்லாம் சின்ன வயசுல கடிச்சதா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "கடிக்கறதாவது! அது இழைச்ச தடம்டா. யாருக்காவது வீக்கம், சூட்டுக் கட்டின்னா இதைத்தான் கல்லுல தண்ணி விட்டு இழைச்சுப் பத்துப் போடுவாங்க. தெருவுல எந்தப் புள்ளைக்கு முடியலைன்னாலும் எங்க அம்மாகிட்டத்தான் வருவாங்க. ராஜாவத்தான் முதல்ல இழைக்கிறது. தேஞ்சு தேஞ்சு இத்தினிக்கூண்டு ஆயிருச்சு. அப்புறம் யாரோ வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொலைந்துவிட்டது என்று நான் நினைத்த ராஜா, ஒரு தெருவின் பிள்ளைகள் மேல் பூச்சாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். இது நான் கேட்காமல் விட்டிருந்தால்? மியூசியத்தில், ‘மரப்பாச்சி, பெண், செம்மரம், கால் சேதம்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இருக்காது. அத்தை சொன்னது மட்டும் இருக்காது.

முடிவாகச் செய்தது இதுதான். பொம்மையை அளந்தேன், நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். அத்தை சொன்னதை அவர் பேச்சிலேயே செல்போனில் பதிவு செய்து, தாளிலும் எழுதித் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். பொம்மையைத் தங்கச்சி மகளிடம் கொடுத்துவிட்டேன். உடைத்தாலும் உடைப்பாள், பரவாயில்லை. வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்கிறோம். ராணிக்கு இப்போது பழைய சுங்குடித் துண்டில் ஒரு புடவை இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒற்றை மரப்பாச்சி, கை போன செட்டியார், சொப்புச் சாமான் என்று ஏதாவது கிடக்கும். எடுத்துத் துடைத்து, வீட்டில் வயசில் மூத்தவர் யாரோ அவர் முன்னால் வையுங்கள். மியூசியத்துக்கா, பிள்ளைக்கா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். கேட்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.