மலைக்குப் போன ஆர்மோனியம்

மனிதனுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்கென்றே மேடையேறிப் பேசுகிற வழக்கம், அமெரிக்காவிலிருந்து புத்தகங்களின் வாயிலாக நமக்கு வந்து சேர்ந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். 1912இல் நியூயார்க் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் டேல் கார்னகி தம் பேச்சுப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியதும், 1936இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் பரவியதும், தமிழில் அப்துற் றஹீமும் பிற்பாடு எம்.எஸ். உதயமூர்த்தியும் அந்தத் துறையில் பெருந்தொகையான வாசகர்களைச் சம்பாதித்ததும் மெய்யே. ஆயினும் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே ஏலமலையை அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, இந்தக் கலையின் வேறொரு பூர்வோத்தரம் நினைவுக்கு வரும். அது புத்தகத்தில் வந்ததன்று; ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு மலையேறியது.

போடி மெட்டுக்குச் செல்லும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலையில் ஏறும் ஜீப்புகளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடியே பெண்கள் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பதென்னவோ தூரில்தான். தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒருங்கே இருக்க, முற்றியதை மட்டும் பார்த்துப் பறிப்பதற்கு நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் இருந்தாக வேண்டும். எது விளைந்தது, எது விளையாதது என்று விரல் நுனியிலேயே கண்டுகொள்கிற அந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவனுக்கு வாக்குச் சாதுரியம் மட்டும் போதாது. நம் பெரியவர்கள் அந்தரங்க சுத்தி என்று சொன்னார்களே, அது வேண்டும்.

மலைக்கும் அடிவாரத்துக்கும் இருந்த சம்பந்தம் பழையது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் வருவதற்கு முன்னரே, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. குரங்கணி வழியாகக் கங்காணிகளின் பின்னே கூலிக் குடும்பங்கள் ஏறின. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சி பலிக்காமற் போய், மலை கேரளத்திலும் அடிவாரம் சென்னை ராஜ்யத்திலுமாக நின்றன. தாய் போடியிலும் மகள் எஸ்டேட் லயத்திலுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு வந்து விழுந்தது.

மறு வருஷமே கேரளத்தில் சட்டசபைத் தேர்தல். தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ், காஞ்சிரப்பள்ளியிலிருந்து வந்த மலையாளப் பெண்மணி. எதிர் வேட்பாளர் ஒருவரின் மனு தவறாகத் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் அந்தத் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் நடந்தது. 126 பேர் கொண்ட சபையில் 60 இடங்களை வைத்துக்கொண்டு, ஐந்து சுயேச்சைகளின் துணையால் ஆட்சி செய்த நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்டு மந்திரிசபைக்கு ஒவ்வோர் இடமும் பிராணனைப் போன்றது. வேட்பாளரின் பாஷை ஒன்று, தோட்டத் தொழிலாளரின் பாஷை மற்றொன்று. எல்லைப் பிரச்சினையின் கசப்போ இன்னும் ஆறவில்லை. இந்த இடைவெளியை எந்தப் பிரசங்கியாலும் தாண்டியிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

ஆர்மோனியத்தோடு மலையேறி அதைத் தாண்டியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். மலையின் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவராகிய அவர், ஜனங்களின் வாயில் ஏற்கெனவே இருந்த சினிமா மெட்டுகளை எடுத்துக்கொண்டு, தாமே கட்டிய சொற்களை அவற்றில் ஏற்றிப் பாடினார். மெட்டு தெரிந்ததாக இருக்கவே, சொல் தடையின்றி உள்ளே போயிற்று. நம்முடைய மேடைப்பேச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரை ஒரு கட்சிப் பாடகர் என்று இரண்டு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. கேட்பவனின் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக அறிந்து, அவன் நாவில் இருந்த ராகத்திலேயே அவனை நிமிர்ந்து உட்காரச் செய்வதைக் காட்டிலும் ஒரு பேச்சாளன் செய்யக்கூடியது வேறென்ன? ரோசம்மா வென்றார், அந்த வெற்றியில் பெரும்பங்கு பாவலருடையது என்று நம்பூதிரிபாட் புகழ்ந்ததாக இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

பாவலரோடு பாடியவர்களில் அவருடைய தம்பி ராசய்யாவும் ஒருவன். 1943இல் பிறந்த அந்தச் சிறுவன், குரல் உடையும் வரையில் பெண்குரலில் பாடி, பின்னர் ஆர்மோனியத்துக்கு மாறி, ஊர் ஊராக அண்ணனோடு அலைந்து, சென்னைக்குப் போய், 1976இல் அன்னக்கிளி படத்தோடு இளையராஜா என்ற புதுப்பெயரில் உலகத்துக்குத் தெரியவந்தான். பெயர் மாறிற்று, ஊர் மாறிற்று, தொழிலின் அளவே மாறிற்று. ஆனால் அவருடைய சங்கீதத்தில் பண்ணைப்புரத்து மண் வாசனை போகவில்லை என்பதைச் சொல்ல ஒரு சங்கீத வித்துவான் வேண்டியதில்லை. பாவலர் 1973இலேயே மறைந்துவிட்டார். தம்பியின் அந்த நாளைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மலையிலோ, இடைத்தேர்தல் நடந்த அதே 1958இல், அக்டோபர் மாதத்தில், மூணாறுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் மாண்டனர், ஒருவர் பெண். யாருடைய ஆட்சிக்காக அந்தப் பாட்டுகள் பாடப்பட்டனவோ அந்த ஆட்சியிலேயே இது நேர்ந்தது. பாட்டு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம்பிக்கையை ஊட்டுகிறவனுக்குப் பாட்டு முடிந்த பிறகும் ஒரு கடன் மீந்திருக்கிறது என்பதை இந்த மலை அன்றே அறிந்துகொண்டது.

அந்த அறிவு 57 ஆண்டுகள் கழித்து வாய் திறந்தது. 2015 செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மூணாறுச் சாலையில் வந்து அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் பேச வந்தபோது வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள். ஒற்றை அறை லயம், பிள்ளைகளின் படிப்பு, தேய்ந்துபோன முதுகு என்று தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். மேடையும் இல்லை, பயிற்சியும் இல்லை; நாடே கேட்டது.

ஆனாலும் அவர்கள் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்த சில தலைவர்களில் கம்யூனிஸ்டு தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் முக்கியமானவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வேலையைப் பொறுப்பேற்று நடத்த வந்திருந்த அதே மனிதர், இப்போது 91 வயதில் மறுபடியும் மலையேறி, தீர்வு வரும்வரை எழுந்து போவதில்லை என்று சொல்லி, அந்தப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்தார். இரவில் உடன்பாடு ஏற்பட்டது என்ற செய்தி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.