வண்ணக்கர் முதல் பொருளாளர் வரை: நம் மண்ணின் பதவிகள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பொதுக் காரியங்கள் பதவிக்காரர்களாலேயே நடந்து வந்துள்ளன. கோயிலுக்கு வண்ணக்கர், வயலுக்கு வட்டவிதானை, ஊருக்கு விதானை என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் ஒருவர் இருந்தார். நமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு நிறைவுறும் இவ்வேளையில், தலைவி, செயலாளர், பொருளாளர் என்னும் நம் பதவிகளையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது பொருந்தும்.

பழந்தமிழில் வண்ணக்கன் என்பவர் நாணயத்தைச் சோதித்து அறிபவர். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்ற சங்கப் புலவரின் பெயரிலும் அச்சொல் உண்டு. கொக்கட்டிச்சோலை போன்ற நம் பகுதிக் கோயில்களில் அது கோயிற் சொத்துக்கும் திருவிழாவுக்கும் பொறுப்பானவரின் பெயராயிற்று. பதவி குடிக்கு உரியது. குடி தாய்வழியே வருவது. ஆகையால் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் பதவி செல்வது பழைய வழமை. பெண் வழியாக வந்த பதவியில் ஆணே அமர்ந்தார்.

வயலில் வேறு முறை. நெற்காணிகளின் பழைய நீர்ப்பாசன வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்த 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. எந்த நாளில் வாய்க்கால் திறப்பது, எவர் வேலி அடைப்பது என்பவற்றை வட்டவிதானை கவனிப்பார். கமக்காரர் அவருக்கு நெல்லாகவே கொடுப்பார்கள். தண்ணீர் கடைசி வரவைக்கு எட்டாவிட்டால், அடுத்த கூட்டத்தில் அவர் முகங்கொடுக்க வேண்டியவரும் அதே கமக்காரருக்குத்தான்.

அரசாங்க உத்தியோகம் மேலிருந்து வந்தது. விதானை முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். சுகாதாரத் துறையில், 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவின் வழியில், சுகாதார வைத்திய அதிகாரி என்னும் பதவி நாடெங்கும் பரவியது. வைத்தியர்களான நாங்கள் இதை நன்கு அறிவோம்: நியமனக் கடிதம் கொழும்பிலிருந்து வரும், இடமாற்றமும் அங்கிருந்தே வரும். ஆயினும் வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதுவை ஊர் நம்பாவிட்டால் அந்த அதிகாரம் படலையோடு நின்றுவிடும். உத்தியோகம் என்ற சொல்லின் மூலப்பொருளே முயற்சி என்பதுதான்.

நம் சங்கம் தொடங்கியபோது இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அது 1931இல் வந்தது. அதற்கு முன்னரே நம் மூத்த சகோதரிகள் பெயர் பிரேரித்து, ஆமோதித்து, கை உயர்த்தித் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்தார்கள். தலைவி கூட்டத்தை ஒழுங்காக நடத்தினார்; செயலாளர் கூட்டறிக்கை எழுதினார்; பொருளாளர் சபை முன் கணக்கு வாசித்தார். வண்ணக்கர் பதவியைப் பெற்றுக்கொடுத்தும் அதில் அமராத பெண்களின் பேத்திகளுக்கு இது சிறிய மாற்றமன்று.

இன்று அந்தப் பதவிகளுக்கு ஆள் தேடவேண்டியுள்ளது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் தெரிவு என்றதும் எல்லோரும் நிலத்தைப் பார்க்கிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள சகோதரிகள் தாராளமாகப் பணம் அனுப்புகிறார்கள். அப்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதவும், கணக்கைச் சபையில் வைக்கவும், கேள்வி வந்தால் எழுந்து பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத சங்கத்துக்கு எத்தனை உறுப்பினர் இருந்தும் பயனில்லை.

இந்த மலரை வாசிக்கும் இளைய சகோதரிகள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரவேண்டும். உங்கள் பெயரை ஒருவர் பிரேரித்தால், மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டறிக்கை எழுதவும் கணக்கு வைக்கவும் கற்றுத்தர நாம் இருக்கிறோம்.