குதிரைக்குக் கால் பிடித்தவர்கள்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. பாராமகால் சீமையிலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் இறங்க நினைத்த படைகளுக்கு அது வாசற்படி. செங்கத்துக்குப் பழைய பெயர் செங்கண்மா. 'மா' என்றால் குதிரை என்றும் பொருள் உண்டு. அதற்காக ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு நான் ஆராய்ச்சி நடத்தப் போவதில்லை. ஆனால் 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி அந்த ஊர் ஏராளமான குதிரைகளைப் பார்த்தது என்பது நிச்சயம்.

அன்றைக்கு ஒரு பக்கம் ஹைதர் அலியும் நிஜாமும். மறு பக்கம் கும்பெனியாரின் கர்னல் ஜோசப் ஸ்மித். சண்டையில் வென்றவர் ஸ்மித் என்றுதான் புத்தகங்கள் சொல்லுகின்றன. வென்ற லட்சணத்தைக் கேளுங்கள். மூட்டை முடிச்சுகளோடு அவருடைய அரிசியையும் எதிரியின் குதிரைக்காரர்கள் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெற்றி பெற்ற சேனை, மனிதனுக்குச் சோறும் மிருகத்துக்கு இரையும் இல்லாமல், இரவெல்லாம் நடந்து திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது.

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரம் படிக்கும்போது அற்பமான சந்தேகங்கள்தான் தோன்றும். நாலு கால் பாய்ச்சலில் போன அந்தக் குதிரைகள் அன்று இரவு என்ன செய்தன? சரித்திரத்தில் குதிரைகள் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வியர்ப்பதில்லை, முதுகு பிடித்துக்கொள்வதில்லை, முழங்கால் வீங்குவதில்லை. நமக்கு ஒரு மைல் கூடுதலாக நடந்தால் வீட்டில் யாரையாவது கால் பிடித்துவிடச் சொல்லுகிறோம். ஆளைச் சுமந்து ஓடியதற்கு யார் கால் பிடித்துவிட்டார்கள்?

இந்தச் சந்தேகம் வலுக்கக் காரணம் ஒரு விளம்பரம். மேல்நாடுகளில் இப்போது குதிரைகளுக்கென்றே உடம்பு பிடித்துவிடும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. சிறு மோட்டார்கள் தைத்த போர்வையை முதுகில் போர்த்தி விசையைத் தட்டினால் அது அதிர்ந்து அதிர்ந்து தசையைத் தளர்த்துகிறது. காந்த அலை செலுத்தும் போர்வை இருக்கிறது. குதிரை ஏறி நின்றால் நாலு காலையும் சேர்த்து நடுக்கிவிடும் பலகை இருக்கிறது. பந்தயக் குதிரைகள் அவற்றின்மேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றனவாம். படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும், இந்தக் கைங்கரியம் எவ்வளவு காலமாக நடந்து வருகிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

தேடினால் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் போகிறது. இன்றைய துருக்கி தேசத்தில் போகாஸ்கோய் என்ற இடத்தில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில், மித்தன்னி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்ற குதிரைப் பயிற்சிக்காரன் சொன்ன பாடம் எழுதியிருக்கிறது. எந்த நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்போது குளிப்பாட்டித் தேய்ப்பது, எப்போது போர்த்திக் கட்டுவது என்று மாதக் கணக்கில் நாள்வாரியாக விவரம். அவன் ஓட்டச் சுற்றுக்களை எண்ணுகிற எண்கள் ஐக, தேர, பஞ்ச, சத்த என்று நமக்குப் பழக்கமான வடமொழி வாடையோடு இருப்பது தனி வேடிக்கை.

கிரேக்க நாட்டு ஜெனபன் கி.மு. நாலாம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதியபோது ஒரு நுட்பமான விஷயம் சொன்னார். குதிரையின் முதுகெலும்பை எந்தக் கருவியாலும் தொடக் கூடாது; கையால்தான், மயிர் படிந்த வாக்கில் தடவ வேண்டும் என்பது அவர் விதி. மோட்டார் போர்வையைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ! நம் கௌடில்யரோ அர்த்த சாஸ்திரத்தில் குதிரைகளுக்கு நாளைக்கு இரண்டு வேளை ஸ்நானம், வாசனைப் பூச்சு, மாலை என்று விதித்துவிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?

அசுவ சாஸ்திரத்துக்கு நம் நாட்டில் ஆதி ஆசான் சாலிஹோத்திரர். அடுத்தபடி பாண்டவர்களில் நகுலன். அஞ்ஞாதவாசத்தில் விராட ராஜனுடைய லாயத்தில் கிரந்திகன் என்ற பெயரில் குதிரை தேய்த்தவன் அவன். அவன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகாலார் 1952-ல் வர்ணப் படங்களோடு அச்சிட்டார்கள். ராஜகுமாரனே லாயக்காரனாக வேலை செய்தான் என்று கதை கட்டிய நாடு, அந்த வேலையைக் கேவலமாக நினைத்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் பாண்டிய நாட்டில் நடந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது?

மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் குதிரை வாங்கப் பொன்னைக் கொடுத்து அனுப்புகிறான். வந்த பரிகள் இரவோடு இரவாக நரிகளாகிவிடுகின்றன. அது புராணம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ சொல்லுவது கிட்டத்தட்ட அதே கதை, தெய்வம் மட்டும் இல்லை. ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ராஜா வாங்குகிறார். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் அவர். குதிரை வைத்தியம் தெரிந்தவன் இங்கே ஒருவனும் இல்லை. தெரிந்தவனை வியாபாரிகள் கப்பலேறி வரவிடுவதும் இல்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்?

பாரசீகத்து வஸ்ஸாப் எழுதியிருப்பது இன்னும் விசேஷம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை. வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவே பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தம். கிஷ் தீவிலிருந்து குதிரை அனுப்பியவர் ஜமாலுத்தீன் என்ற பெரும் வியாபாரி. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்போது பாண்டியனுக்கு மந்திரி! அண்ணன் தம்பிகள் சேர்ந்து போட்ட கணக்கில் அரசனுடைய பொன் கரைந்தது.

வந்த குதிரைகளை இங்கே எப்படி வைத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்லுகிறார். கயிற்றால் முளையில் கட்டி நாற்பது நாள் லாயத்தில் அசையாமல் நிறுத்தி, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பயிற்சி ஒன்றும் இல்லாமல் வீரர்கள் பிசாசு மாதிரி ஏறி விரட்டுவார்களாம். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகிவிடும்.

இதைக் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இது திங்கட்கிழமை நோய் அல்லவா?" என்றார். ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் குதிரைக்கு ஓய்வு. தீனி மட்டும் குறைக்க மாட்டார்கள். திங்களன்று நுகத்தில் பூட்டியதும் பின்தொடைத் தசைகள் கட்டையாய் இறுகி, வியர்த்துக் கொட்டி, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தசை நார்கள் சிதைந்து சிறுநீர் காப்பி நிறமாகப் போகும். அந்த நிலைமையில் அதை ஓர் அடிகூட நடத்தக் கூடாது. பிடித்துவிட்டு வீரம் காட்டவும் கூடாது. வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அந்த நிலைமைக்கு வராமல் காப்பது தினசரி நடை, அளவான தீனி, தேய்ப்பு. ஒரு நாள் ஓய்வுக்கே இந்தக் கதி என்றால் நாற்பது நாளுக்கு? பாண்டியன் குதிரைகளில் எத்தனை இப்படி விழுந்தனவோ! பொன் கொடுத்துக் குதிரை வாங்கியவர்கள், அரைப் பொன் கொடுத்து அதைத் தெரிந்த ஒரு கையை வாங்கவில்லை.

தெரிந்த கை என்றால் என்ன என்பதை நான் சிறு வயதில் வாணியம்பாடி ஜட்கா ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர் ஒருவர் குதிரையை அவிழ்த்ததும் முதலில் தண்ணீர் காட்ட மாட்டார். வைக்கோலை முறுக்கிப் புரி செய்து, "இருடா ராஜா, இரு" என்று சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து தொடை வரைக்கும் அறைந்து அறைந்து தேய்ப்பார். அப்புறம் வெறுங் கையால் பிடரி மயிர் முடிகிற இடத்தில், தோள் மேட்டில், நிதானமாகப் பிசைவார். குதிரையின் கீழ் உதடு தொங்கிப் போகும். "அண்ணே, அங்கேயே ஏன் பிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அதுக்கு அங்கேதான் பிடிக்கும் தம்பி" என்றார். அவ்வளவுதான் அவர் சாஸ்திரம். வெள்ளைக்காரப் பட்டாளத்திலும் புரி கட்டித் தேய்ப்பதுதான் தினப்படி முறை என்று பிற்பாடு படித்தேன்.

அவருடைய பதிலை 1993-ல் பிரான்சில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள். காமார்க் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடுவது அதிகமும் கழுத்தடியில், தோள் மேட்டுக்குப் பக்கத்தில். மனிதர்கள் கையால் அதே இடத்தில் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு இறங்கியது; வேறு இடத்தில் சொறிந்தபோது இறங்கவில்லை. அமெரிக்காவில் ஜாக் மேகர் என்பவர் விளையாட்டு வீரர்களுக்கு உடம்பு பிடித்த வித்தையைக் குதிரைகளுக்குக் கொண்டுபோய் 1985-ல் புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகுதான் யந்திரங்கள் இப்படிப் பெருகின.

யந்திரத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. கை ஓய்ந்துவிடும், மோட்டார் ஓயாது. குதிரை சாந்தமாவதும் இறுக்கம் தளர்வதும் உண்மை என்றே சொல்லுகிறார்கள். மற்றப் பெருமைகளில் பாதி விற்கிறவர்களின் வாக்கு. ஒரு குறை உண்டு. போர்வைக்குச் சூடு தெரியாது. தேய்க்கிற உள்ளங்கை, முழங்காலுக்குக் கீழே நேற்று இல்லாத ஒரு வெதுவெதுப்பை இன்று கண்டுபிடித்துவிடும். நொண்டுவதற்கு முந்தின நாளே தெரிந்துவிடும்.

இனி ஹைதரிடம் திரும்பலாம். அந்தக் காலத்து மைசூர், மராட்டியப் படைகளில் சில்லாதார் என்று ஒரு வகுப்பு உண்டு. குதிரை அவனுடைய சொந்தச் சொத்து. சம்பளம் குதிரைக்கும் சேர்த்து. குதிரை போனால் பிழைப்புப் போயிற்று. அதனால் இவர்கள் பீரங்கிக்கு எதிரே போகத் தயங்குவார்கள் என்று ஆங்கிலேயர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்குக் குதிரை சர்க்கார் செலவு. சில்லாதாருக்கு அது நிலம், வீடு, மகள் கல்யாணம் எல்லாம். ராத்திரி சேணத்தை இறக்கியதும் அவன் கை எங்கே போயிருக்கும் என்று யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

செங்கத்துச் சண்டைக்குப் பிறகு யுத்தம் ஒன்றரை வருஷம் இழுத்தது. 1769 மார்ச்சில் ஹைதர் பெரும்படையையும் பீரங்கிகளையும் கணவாய் வழியாக மேற்கே அனுப்பிவிட்டு, பொறுக்கி எடுத்த ஆறாயிரம் குதிரைகளோடு சென்னையை நோக்கித் திரும்பினார். நூற்று முப்பது மைல்; மூன்றரை நாள். நாளைக்கு ஏறக்குறைய முப்பத்தேழு மைல் வீதம், அதுவும் பங்குனி வெயிலில். பரங்கிமலைப் பக்கம் அவர் வந்து நின்றபோது கோட்டையிலிருந்த கவுன்சிலார் நம்பவே இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இடையில் இருந்த மூன்று இரவுகளிலும் அந்த இருபத்துநாலாயிரம் கால்களை யார் யாரோ பிடித்துவிட்டிருக்கிறார்கள்.