பிழைக் காசு

நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோறன்றில் ஒரு கோப்பை சாப்பாடு திரும்பி வந்தால் முதலாளி முதலில் கேட்பது, "இது ஆர் செய்தது?" என்றுதான். கோப்பையைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். உப்புக் கூடியிருந்தால் அடுப்படியில் நின்றவர். விளிம்பில் பழைய குழம்பு காய்ந்திருந்தால் கழுவியவர். மேசை மாறிப் போயிருந்தால் பரிமாறியவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். பழைய காசுகளிலுள்ள பிழைகளையும் இப்படித்தான் வாசிக்க வேண்டுமென்பது இந்தச் சமையலறையில்தான் எங்களுக்கு விளங்கியது.

உரோமர் காசு அடித்த விதத்தை அவர்களுடைய காசொன்றே காட்டுகிறது. கி.மு. 46இல் வெளியான ஒரு வெள்ளி டெனாரியஸின் ஒரு பக்கத்தில் மொனேற்றா தேவியின் தலை இருக்கிறது. மறுபக்கத்தில் அச்சும் குறடும் சுத்தியலும். கீழச்சைப் பட்டடையில் இறுக்கியிருப்பார்கள். பொதுவாகத் தலை இருப்பது அதில்தான். அதன்மேல் வெறும் வில்லையை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதியும்.

பிழையான காசு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, இதே பிழை வேறு காசுகளிலும் உண்டா என்பதே. உண்டென்றால் பிழை அச்சில் இருக்கிறது. அச்சில் எழுத்தை இடம்வலம் மாற்றி வெட்டவேண்டும். வெட்டியவர் மறந்தால் அந்த அச்சில் அடித்த காசெல்லாம் எழுத்துத் திரும்பியே வரும். இலங்கையில் 5ஆம் நூற்றாண்டளவில் உரோமச் செப்புக்காசுகளைப் பார்த்துச் செய்த காசுகள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் இலத்தீன் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகளைக் காணலாம். வாசிக்கத் தெரியாத எழுத்தை ஒருவர் படமாகப் பார்த்து வெட்டியிருக்கிறார். அகதி விண்ணப்பத்தில் விளங்காத சொற்களைப் பார்த்தெழுதிய எங்களுக்கு அந்தக் கோடுகள் புதிதல்ல.

பிழை ஒரு காசில் மட்டும் இருந்தால் அது அடிக்கும்போது நேர்ந்தது. தலை பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தால், வில்லை நடுவில் வைக்கப்படவில்லை. மூக்கும் நாடியும் இரண்டிரண்டாகத் தெரிந்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் காசு அசைந்திருக்கிறது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு வகை. அதில் இரண்டு பக்கமும் ஒரே தலைதான். ஒரு பக்கம் ஒழுங்காகப் புடைத்திருக்கும். மறுபக்கம் அதே தலை குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். இதற்கு இரண்டாவது அச்சுத் தேவையில்லை. முன்பு அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் தலைப்பக்கம் கீழ்நோக்கி இருக்க, அடுத்த வில்லையை வைத்து அடித்திருக்கிறார்கள். கீழே அச்சு பதிந்தது. மேலே ஒட்டியிருந்த காசு பதிந்தது.

இத்தகைய காசுகளில் பெரும்பாலானவற்றில் குழிந்திருப்பது தலைதான். பின்பக்கம் குழிந்தவை அரிது. காரணம் சாதாரணமானது. கீழச்சில் காசு ஒட்டினால் அடுத்த வில்லையை வைக்கிறவரின் கண்ணுக்கு நேரே தெரியும், எடுத்துவிடுவார். மேலச்சில் ஒட்டினால் அதைத் தூக்கித் திருப்பிப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் திருப்பிப் பார்க்க நேரமில்லாத வேகத்தில் வேலை நடந்திருக்க வேண்டுமென்று நாங்கள் எண்ணுகிறோம்.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? கி.பி. 115இல் உரோம நாணயசாலைத் தொழிலாளர் தெய்வங்களுக்கு வைத்த கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. வில்லை வைப்பவர், சுத்தியல் அடிப்பவர் என்று தொழிலுக்குத் தனிப்பெயர்கள் அவற்றில் உண்டு. அதில் பெயர் வெட்டியிருப்பவர்கள் விடுதலை பெற்ற அடிமைகளும் விடுதலை பெறாத அடிமைகளும்.

பெரிய வரலாற்றில் இவர்கள் வருவது குற்றவாளிகளாகத்தான். கி.பி. 271 அளவில், பேரரசர் அவுரேலியன் காலத்தில், உரோம நாணயசாலைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. காசைக் கெடுத்தவர்கள் என்று அவர்கள்மேல் பழி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னரே பேரரசர்களின் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சுத்தியல் அடித்தவரால் அவ்வளவு வெள்ளியைத் தனியே விழுங்கியிருக்க முடியுமா? காசில் வெள்ளி எவ்வளவு என்று தீர்மானித்த கை அவருடையதல்ல. ஆர் செய்தது என்ற கேள்வி அன்றும் கீழே நின்றவரிடமே வந்து நின்றிருக்கிறது.

அதனால்தான் பிழையைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அச்சின் பிழை வேறு, அடியின் பிழை வேறு, கட்டளையின் பிழை வேறு. ஒழுங்கான காசு அரசனின் முகத்தை மட்டும் காட்டுகிறது. அதை அடித்தவரின் அன்றைய நாளில் ஒரு கணத்தைப் பிழைக் காசில் பார்க்கலாம். மேலச்சில் ஒரு காசு ஒட்டியிருக்கிறது, அடுத்த வில்லையை வைத்தாயிற்று, சுத்தியல் இறங்குகிறது.

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் கோப்பைகளும் அப்படித்தான் வெளியே போகின்றன.