ஒரே சென்சார், இரண்டு இருப்பிடங்கள்

டீசல் சூடாகச் சூடாக விரியும். வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் கொள்ளளவு சுமார் 4 சதவீதம் பெருகும். பம்ப் அளந்து தருவது கொள்ளளவை. எரிந்து ஆற்றலாவது நிறை. இந்த வித்தியாசத்தை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சரிக்கட்ட டீசலின் வெப்பநிலை அதற்குத் தெரிந்தாக வேண்டும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.9 லிட்டர் டி.டி.ஐ. எஞ்சின்களில் அதைச் சொல்லும் சென்சாரின் பெயர் ஜி81. 1990களின் வி.பி.37 பம்ப் எஞ்சினிலும், சிலிண்டருக்கு ஒன்றாகப் பம்ப்-இன்ஜெக்டர் பொருத்திய பின்னாளைய பி.டி. எஞ்சினிலும் அதே பெயர், அதே வேலை. இந்தியாவில் விற்ற ஸ்கோடா கார்களில் முதல் ஆக்டேவியாவில் முன்னது இருந்தது, லாராவில் பின்னது.

வி.பி.37இல் ஜி81 பம்புக்குள்ளேயே, டீசல் அளவை நிர்ணயிக்கும் கருவியின் பக்கத்தில், டீசலில் மூழ்கிக் கிடக்கிறது. பி.டி.யிலோ எஞ்சினைச் சுற்றிச் சூடேறித் திரும்பும் டீசல் கூலருக்குப் போகும் வழியில், ரிட்டர்ன் லைனில் இருக்கிறது. அளவீட்டின் நேர்மையை மட்டும் பார்த்தால் முதல் இடமே சிறந்தது: அளக்கப்படும் டீசலின் வெப்பநிலை அங்கேயே தெரிகிறது. பி.டி. சென்சார் காட்டுவது வேலை முடிந்து திரும்பும் டீசலின் வெப்பத்தை.

பழுதைக் கண்டறியும் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. வெப்பம் ஏறினால் இந்தச் சென்சாரின் மின்தடை குறையும்: 30 டிகிரியில் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 ஓம், 80 டிகிரியில் 275 முதல் 375 ஓம். வயர் அறுந்திருந்தால் ஸ்கேனரில் கடுங்குளிர் தெரியும். ஷார்ட் ஆகியிருந்தால் நம்ப முடியாத கொதிப்பு. இவை எளிதில் பிடிபடும். பிழைக்குறியீடு எதுவும் பதியாமல், உண்மையிலிருந்து மெல்ல விலகிப்போன சென்சார்தான் ஏமாற்றும். அதற்கு நான் மிகவும் மதிக்கும் சோதனைக்குச் செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற காரில், விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல் ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டீசல் மட்டும் 15, 20 டிகிரி தள்ளி நின்றால் சந்தேகம் சென்சார் மீதோ அதன் வயரிங் மீதோதான்.

அந்த இரண்டில் எது என்பதைப் பிரிப்பதில் வழிகள் மாறுகின்றன. பி.டி.யில் சென்சாரின் சின்னக் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்கலாம். ஸ்கேனரில் எண் குளிரிலிருந்து கொதிப்புக்குத் தாவினால் வயரிங்கும் ஈசியூவும் நலம், குற்றவாளி சென்சார். வி.பி.37இல் கழற்றுவது பம்பின் பல முனைக் கனெக்டர். அளவுக் கருவியின் வயர்களும் அதிலேயே வருகின்றன. அதனால் எஞ்சினை ஓட்டாமல், ஜி81க்கு உரிய முனைகள் எவை என்று வயரிங் படத்தில் உறுதிசெய்த பிறகே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். தவறான முனைகளில் அளந்து பம்பைப் பழிப்பது பெரும் செலவில் முடியும்.

பழுதுபார்க்கும்போது வேறுபாடு இன்னும் பெரிது. பி.டி.யில் எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, சொட்டும் டீசலைத் துணியில் ஏந்தி, சென்சாரையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது. வி.பி.37க்கு நிறுவனக் கையேடு சொல்வது பம்பையே மாற்று என்பதுதான். ஒரு சிறு சென்சாருக்காக முழு பம்பா? இதை என்னால் ஏற்க முடியவில்லை. கைதேர்ந்த டீசல் மெக்கானிக் பம்பைச் சுற்றிலும் கழுவித் துடைத்து, உள்ளிருக்கும் டீசலை உறிஞ்சி எடுத்து, மேல்மூடியை மட்டும் திறந்து சென்சாரை மாற்றிவிடுவார். ஆனால் மூடிக்குக் கீழுள்ள பாகத்தை அவர் அசைக்க மாட்டார். அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் டீசல் அளவு மாறிவிடும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் பம்பு போச்சு. மூடிய பிறகு டீசலை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஐடிலில் டீசல் அளவு முன்பிருந்த எண்ணிலேயே நிற்கிறதா என்று ஸ்கேனரில் ஒப்பிட வேண்டும். ஆகவே அந்த எண்ணை மூடியைத் திறக்கும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

எட்டும் இடத்தில் இருப்பதாலேயே பி.டி. சென்சார் காரணமின்றி மாற்றப்படுவதும் நடக்கிறது. இழுவை குறைந்தால், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தாமதித்தால், முதலில் அதன் மீது கை போகிறது. உண்மையில் பி.டி.யில் அந்தச் சிக்னல் முற்றிலும் நின்றுபோனாலும் ஈசியூ கூலன்ட் வெப்பநிலையை வைத்து ஒரு மாற்று மதிப்பைக் கணக்கிட்டு ஓட்டிவிடும். கார் பெரிதாகத் தடுமாறினால் சென்சாரைத் தாண்டி வேறு இடத்திலும் தேட வேண்டும்.