வால்வு வானொலியும் சோக்குச் சுருளும்

சின்னாளப்பட்டிக்கு அருகே சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய காலம் வால்வு வானொலியின் காலம். 1939 முதல் திருச்சி நிலையம் ஒலிபரப்பி வர, மின்கம்பி எட்டாத ஊர்கள் பேட்டரியை நம்பியிருந்தன, மின்சாரம் பெற்ற ஊர்களின் பெட்டிகளோ ஓர் இரைச்சலை வெல்ல வேண்டியிருந்தது. 50 சுழற்சி மாறுமின்னோட்டத்தின் இரு அரை அலைகளையும் நேர்மின்னோட்டமாக்கும்போது 100 சுழற்சியில் எஞ்சும் சிற்றலையே ஒலிபெருக்கியில் முனகலாகக் கேட்டது. அதை அடக்கியது தாழ்வதிர்வெண் வடிகட்டி, அதாவது மெதுவான மாற்றத்தை விட்டு வேகமானதைத் தடுக்கும் சுற்று; அமெரிக்காவின் கேம்பலும் ஜெர்மனியின் வாக்னரும் 1915ஐ ஒட்டித் தனித்தனியே வகுத்த கோட்பாடு அது. இரும்பு உள்ளகத்தின்மேல் செம்புக் கம்பி சுற்றிய 10 ஹென்றி சோக்கும் 8 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால், பெருக்கும் உறுப்பு எதுவுமின்றியே, சிற்றலை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகும் என்பது வியப்புக்குரியது. எடையும் விலையும் மிகுந்த அந்தச் சோக்கு, பெரிய மின்தேக்கிகள் மலிந்தபின் வீட்டுப் பெட்டிகளை விட்டு மறைந்தது.