பெட்டிக்குப் போகாத காய்: போடி மலையடிவாரத்தில் தக்காளிக்காய் வறுவல் வந்த வழி

தக்காளிக்காய் வறுவலின் வரலாற்றைச் சமையல் நூல்களில் மட்டும் தேடினால் பாதி வழிதான் போக முடியும். விருந்துக்கென்று நாள் குறித்துச் செய்யும் பலகாரம் இல்லை இது. சந்தைக்குப் போகாமல் செடியிலேயே தங்கிவிட்ட காயை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்த வீடுகளில் பிறந்தது. ஆகவே காய் எந்தக் காலத்தில், எதனால் தங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். மாவும் எண்ணெயும் அதற்கப்புறம். இக்கட்டுரை அந்த வரிசையில்தான் செல்கிறது. எடுத்துக்கொண்ட இடம் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்து ராசிங்காபுரமும் அதன் சுற்றுப்புறமும். போடியிலிருந்து சிலமலை வழியாகத் தேவாரம் போகும் சாலையில், ஏலமலைத் தொடரின் கிழக்குச் சரிவுக்குக் கீழே இருக்கிறது இந்த ஊர். மேலே ஏலக்காய், கீழே கிணற்றுப் பாசனத்தில் காய்கறி. இரண்டும் ஒரே மக்களின் உழைப்பில் நடப்பவை.

கப்பலில் வந்தது, கிணற்றால் நிலைத்தது

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளர்பவை. பயிராகப் பண்பட்டது மெக்சிகோவில். இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544-இல் அதைப் பற்றி எழுதினார். ஐரோப்பிய எழுத்தில் தக்காளி தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் அது ஒன்று. இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மிளகாயும் அதே கடல்வழியில் வந்ததுதான். ஆனால் மிளகாய் சில தலைமுறைகளுக்குள் மிளகின் இடத்தையே பிடித்துக்கொண்டது. தக்காளியோ நீண்ட காலம் வாசலிலேயே நின்றது. ஜார்ஜ் வாட் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது என்றும், இந்நாட்டார் இப்போதுதான் அதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிப்புக் குழம்புகளில் சேர்க்கிறார்கள் என்றும் பதிவுசெய்கிறது.

காரணம் விளங்காததல்ல. புளிப்புக்கு இங்கே புளி இருந்தது, மாங்காய் இருந்தது, மோர் இருந்தது. மரத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை உலுக்கி எடுத்து, கொட்டை நீக்கி, பானையில் அடைத்துவைத்தால் ஆண்டு முழுவதும் வரும் புளியோடு, இரண்டு நாளில் அழுகும் பழம் போட்டியிட முடியாது. தக்காளி அன்றாடக் காயாக வேண்டுமென்றால் அது ஆண்டு முழுவதும் விளைய வேண்டும். ஆண்டு முழுவதும் விளைய, மழையை நம்பாத நீர் வேண்டும்.

போடிப் பக்கத்தில் அந்த நீர் கிணற்றிலிருந்துதான் வந்தது. 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கும், வைகை வழியாக மதுரைப் பக்கத்துக்கும் போயிற்று. மேட்டில் கிடக்கும் ராசிங்காபுரம் போன்ற ஊர்களுக்குக் கமலையும் கிணறும்தான். மாற்றத்தைத் தொடங்கிவைத்ததும் அதே அணைதான், ஆனால் வேறு வடிவில். 1950-களின் கடைசியில் லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த இரு பத்தாண்டுகளில் தமிழ்நாடெங்கும் கிணறுகளில் மின்மோட்டார்கள் ஏறின. கமலை மாடு இறைத்த நீரில் ஒரு குடும்பத்துக்கான கம்பும் கேழ்வரகும் விளைந்தன. மோட்டார் இறைத்த நீரில் விற்பதற்கான தக்காளி, கத்தரி, மிளகாய் விளைந்தன.

விற்பனைக்கான வழி ஏற்கெனவே திறந்திருந்தது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-இல் வந்தது; அதை இழுத்துவந்தது ஏலக்காய் வணிகம். மலையின் மணப்பொருளுக்காகப் போட்ட பாதையும் சாலையும் கமிஷன் கடையும் சேர்ந்து, பின்னாளில் மலிவான காய்கறிக்கும் தளம் அமைத்தன. போடியின் வரலாற்றை எழுதுபவர்கள் ஏலக்காயோடு நின்றுவிடுகிறார்கள். தக்காளிப் பெட்டியும் கொஞ்சம் கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு கிளைக்கதையை வெட்டிவிட வேண்டும். மதுரையில் 1834 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டிக்கொண்டது. அந்நாளில் கொடைக்கானலுக்கு ஏறும் வழி பெரியகுளத்திலிருந்துதான். அமெரிக்கர்கள், மலைத்தோட்டம், பக்கத்திலேயே பெரியகுளம்: அமெரிக்காவில் பேர்போன தக்காளிக்காய் வறுவல் அவர்கள் மூலமே இப்பக்கம் இறங்கியது என்று கதை கட்ட இதைவிட வசதி வேண்டுமா? காலக்கணக்கு இடம் கொடுக்காது. கொடைக்கானலில் அவர்கள் குடியேறிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்புதான் அந்த வறுவல் அமெரிக்க அச்சுநூல்களில் பரவுகிறது. அதற்கும் மேலாக, வெட்டிய காயை மாவில் தோய்த்து எண்ணெயில் போட வாழைக்காய் பஜ்ஜி உண்ட ஊருக்கு வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லாமல் இருந்தது காய்தான்.

அன்னஞ்சியும் பெரியகுளமும்

அந்தக் காயின் வரலாற்றில் நடுநாயகமான நிகழ்வு இதே தேனி மாவட்டத்தில் நடந்தது என்பது இங்குள்ளவர்களுக்கே பரவலாகத் தெரியாது. பெரியகுளத்தில் 1957-இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த ‘பி.கே.எம். 1’ தக்காளி, அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்தில் செயற்கையாகத் தூண்டிய மரபுப்பிறழ்விலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. தேனிக்கும் பெரியகுளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அன்னஞ்சி என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

இந்த ரகத்தின் குணங்களைப் பல்கலைக்கழகம் விவரிக்கும்போது மூன்றை வலியுறுத்துகிறது: தட்டை உருண்டை வடிவம், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், தொலைதூரம் அனுப்பினாலும் தாங்கும் உறுதி. எக்டருக்கு 30 முதல் 35 டன் வரை, ஏறத்தாழ 135 நாளில் எடுக்கலாம் என்பது அதன் கணக்கு. லாரிக்காகத் தேர்ந்தெடுத்த குணங்களே வாணலிக்கும் பொருந்திப்போயின என்பதுதான் இக்கட்டுரை சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. தட்டையான காயைக் குறுக்கே அரிந்தால் அகன்ற வட்ட வில்லை கிடைக்கும். உறுதியான சதை எண்ணெயில் குழையாது. பழைய நாட்டுக்காயோ பள்ளம் பள்ளமாக, விதையும் சாறுமாக இருக்கும். குழம்புக்கு அதை அடிக்க ஆளில்லை, வில்லை போட்டால் நடுவே ஓட்டைதான் மிஞ்சும்.

பச்சைத் தோளைப் பற்றி ஒரு சொல். தோள் பச்சையாக இருந்தால் வாங்குபவர் பழுக்கவில்லை என்று ஒதுக்குவார் என்பதால், மேலைநாடுகளில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாகச் சீராகச் சிவக்கும் ரகங்களையே தேர்ந்தெடுத்துவந்தார்கள். அந்தச் சீர்மைக்குக் காரணமான மரபணு மாற்றம், காயில் பச்சையம் உருவாவதைக் குறைத்து, அதனால் பழத்தின் சர்க்கரையையும் குறைக்கிறது என்று 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த ஆய்வு பிற்பாடு சொன்ன காரணத்தைக் கேட்காமலேயே, பெரியகுளத்தின் தட்டைத் தக்காளி தன் பச்சைத் தோளை வைத்துக்கொண்டிருந்தது.

காய் எப்படித் தங்குகிறது

அமெரிக்காவில் விடை எளிது: உறைபனி. இலையுதிர்காலத்தில் முதல் பனி விழுவதற்குள் செடியில் இருக்கும் பச்சைக்காயை எல்லாம் பறித்தாக வேண்டும்; பறித்ததைத் தின்றாக வேண்டும். அந்நாட்டு உணவு வரலாற்றாளர் ராபர்ட் மாஸ் இதைத் துருவியபோது, தென்மாநிலங்களின் அடையாளமாகப் போற்றப்படும் இந்த வறுவலின் தொடக்கச் சான்றுகள் தெற்கில் கிடைக்கவில்லை. வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் கிடைத்தன. 1889-இல் வந்த ‘ஆன்ட் பாபெட்’ என்ற யூதக் குடும்பச் சமையல் நூல் அவற்றுள் ஒன்று. தெற்கோடு அது ஒட்டிக்கொண்டது ஃபேனி ஃபிளாக் 1987-இல் எழுதிய நாவலாலும், அதிலிருந்து 1991-இல் எடுத்த திரைப்படத்தாலும். படம் ஓடிய பிறகு அலபாமாவின் உணவகங்கள் பாட்டி காலத்துப் பண்டம் என்று அதைப் பரிமாறத் தொடங்கின. பாரம்பரியம் என்று சொல்லப்படுவதன் வயதை விசாரிக்க இது நல்ல எடுத்துக்காட்டு. நம் ‘செட்டிநாடு’ பெயர்ப்பலகைகளையும் ஒருநாள் யாராவது இப்படி விசாரிக்கலாம்.

போடியடிவாரத்தில் உறைபனி கிடையாது. இங்கே காய் தங்குவது வேறு மூன்று நேரங்களில். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று கிளையை முறிக்கும்போது. கடைசிப் பறிப்பு முடிந்து அடுத்த வெள்ளாமைக்குச் செடியை உழுதுவிடும்போது. விலை விழுந்து, பறிகூலிக்கும் பெட்டி வாடகைக்கும் கட்டாது என்று தோட்டத்தை அப்படியே விடும்போது. முதலிரண்டும் இயற்கையும் பருவமும். மூன்றாவது சந்தை, இன்று மிகுதியான காய் வருவது அதனால்தான். ஏலத்தில் விலை நின்றால் செங்காய் கூடப் பெட்டிக்குள் போய், போகும் வழியில் சிவந்துவிடும். விலை சரிந்தால் முற்றிய பச்சைக்காய் வீட்டுக்கு வரும். கூட்டாகவும், கடலை வறுத்தரைத்த துவையலாகவும், பாசிப்பருப்போடு கடைந்ததாகவும், வறுவலாகவும் இலையில் விழும்.

அடுப்படியின் கணக்கு

எல்லாப் பச்சைக்காயும் வறுவலுக்கு ஆகாது. பிஞ்சு கசக்கும். அதிலுள்ள தொமட்டின் என்ற கசப்புப்பொருள் இளங்காயில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கும். பழுக்கும்போது 5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். எண்ணெயின் சூட்டில் அது பெரிதாகச் சிதையாது, ஆகவே வறுத்தால் கசப்புப் போகும் என்று நம்பிப் பிஞ்சைப் போடக்கூடாது. வளர்ச்சி முடிந்து, நிறம் வெளிர்ந்து, இன்னும் சிவப்புக் காட்டாத காய் வேண்டும். ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் போதும். கத்தி விதையைத் துண்டாக்கினால் இளசு. விதை கத்திக்கு வழுக்கி விலகி, அறைகளில் குழகுழப்புச் சேரத் தொடங்கியிருந்தால் சரியான பதம். அது நீராகிவிட்டால் செங்காய்க்கு அருகில் வந்துவிட்டது, குழம்புக்கு அனுப்பலாம்.

காய்க்குள் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். மொறுமொறுப்பின் முழுச் சிக்கலும் அந்த நீரை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான கனத்தில் அரிந்து, உப்புத் தூவிக் கால்மணி நேரம் சாய்த்துவைத்தால் மேற்பரப்பு நீர் இறங்கும். துணியில் ஒற்றி எடுத்து, முதலில் வெறும் அரிசிமாவில் புரட்ட வேண்டும். இந்தப் பொடி மிச்ச ஈரத்தைக் குடித்து, அடுத்து வரும் மாவுக்குப் பிடிமானம் தரும். இதைத் தவிர்த்தால் கடிக்கும்போது மேலோடு தனியாகக் கழன்று காய் வழுக்கி விழும். பிறகு கடலைமாவு, மிளகாய்த்தூள், சிறிது பெருங்காயம், மோர் சேர்த்துக் கரைத்த கரைசல். பஜ்ஜிமாவைவிடத் தளர்வாக, விரலில் மெல்லிய படலம் நிற்கும் அளவுக்கு. கடைசியாக ரவை. அமெரிக்கர்கள் இந்த இடத்தில் மக்காச்சோளக் குருணையைப் பயன்படுத்துகிறார்கள். தேனி மாவட்டத்தில் மக்காச்சோளம் ஏராளமாக விளைந்தும் கோழித்தீவனத்துக்கே போகிறது. மில்லில் கொரகொரப்பாக உடைத்து வாங்கிப் பார்ப்பவருக்கு ரவையைவிட ஒருபடி மேலான ஓடு கிடைக்கும்.

எண்ணெய் 170 முதல் 180 பாகைக்குள் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் ஓட்டின் நீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதல் இருக்கும்வரை எண்ணெய் எளிதில் உள்ளே புக முடியாது. ஒரே தடவையில் பத்து வில்லைகளைக் கொட்டினால் சூடு இறங்கி, ஆவி தளர்ந்து, ஓடு எண்ணெயைக் குடிக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் தேங்க விட்டுச் சுடுவது சிக்கனம், காயும் தட்டையாக நிற்கும். வாணலியில் முக்கினால் ஓரங்களும் சிவக்கும். எடுத்ததை அரிகரண்டியிலோ கம்பிச் சல்லடையிலோ பரப்ப வேண்டும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளிருந்து வரும் ஆவியே ஓட்டை நமுத்துப்போகச் செய்யும்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியில் இந்த வறுவல் இடம்பெறாததற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போய் நண்பகலில் திறக்கும் சாப்பாட்டில் மொறுமொறுப்பு மிஞ்சாது. அங்கே போவது துவையலும் ஊறுகாயும். வறுவல், வேலையில்லாத நாளின் மாலைக்கானது. மிஞ்சினால் மறுநாள் மோர்க்குழம்பில் வடைபோல ஊறும்.

அண்மைக்காலத்தில் இதன் நிலை மீண்டும் மாறிவருகிறது. சிவம், லட்சுமி போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் குச்சிகட்டி நிமிர்த்தி வளர்க்கப்படுகின்றன. பறிப்புக் காலம் நீண்டு, ஒரே நாளில் மொத்தக் காயும் தங்குவது குறைகிறது. அவற்றின் சதை இன்னும் இறுகியது. 2023 ஜூனில் அகல ரயில்பாதை போடிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்ட, தமிழ்நாடு அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்படிப்பட்ட வாரங்களில் விளைவிக்கும் ஊரிலேயே பச்சைக்காய் அடுப்புக்கு வராது. விலை கிலோவுக்கு ஐந்து, ஆறு ரூபாய்க்கு இறங்கும் வாரத்தில் கேட்ட வீட்டுக்கெல்லாம் கூடை கூடையாகக் கிடைக்கும்.